ஒருவர் கறியை விட்டால் ஒரு கோழியாவது குறையுமா?

“நான் ஒருத்தன் கறி, மீன், முட்டை, பால் எல்லாம் விட்டு வீகன் ஆகிவிட்டால் வெட்டப்படும் கோழிகளில் ஒன்றாவது குறையுமா, இல்லை நான் வாங்காததை அடுத்த ஆள் வாங்கிக்கொண்டு போய்விடுவாரா?” இதுதான் கேள்வி. இன்று கடைக் கூண்டில் இருக்கும் கோழி தப்பிக்காது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கூண்டுக்கு வந்திருக்க வேண்டிய கோழிகளில் சில பொரிக்காமலேயே போகும். நீங்கள் விடும் ஒவ்வொரு கிலோவுக்கும் உற்பத்தி ஒரு முழுக் கிலோ குறையாது. சுமார் முக்கால் கிலோ குறையும். இது கறிக்கோழிக்கு மட்டும். முட்டை, பால், ஆடு, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு மாறுகிறது. அதில் சில முடிவுகள் நம் வழக்கமான எண்ணத்துக்கு நேர் எதிராக இருக்கும்.

தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்கு ஊன் விற்போரும் இருக்கமாட்டார்கள் என்று 256ஆம் குறள் சொல்லிவிட்டதே என்பார்கள். அது உலகமே நிறுத்தினால் நடப்பது. ஒரே ஒருவர் நிறுத்தினால் அந்தச் செய்தி எந்த வழியாக, எவ்வளவு தேய்ந்து உற்பத்தியாளரிடம் போய்ச் சேருகிறது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கறிக்கோழித் தொழிலை வைத்தே பார்ப்போம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகக் கோழிகள் இருந்த மாநிலம் இதுதான், சுமார் 12 கோடி.

முதலில் கடை. இங்கே கறிக்கோழி பெரும்பாலும் உயிரோடு கடைக்கு வந்து, கேட்ட பிறகு வெட்டப்படுகிறது. இந்த ஏற்பாடு உங்கள் கேள்விக்கு ரொம்ப முக்கியம். உறைய வைத்த கறியை விற்கும் வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பாக்கெட் மிஞ்சினால் அது குளிர்பெட்டியில் கிடக்கும், கடைக்காரர் கவலைப்படமாட்டார். இங்கே மிஞ்சிய கோழி தீனி தின்னும் அல்லது எடை இழக்கும். சித்திரை வெயிலில் செத்தும் போகும். அதனால் கடைக்காரர் முந்தைய வாரம் எத்தனை போனது என்பதைப் பார்த்துத்தான் சனிக்கிழமை இரவு ஞாயிற்றுக்கிழமைக்கான சரக்கைச் சொல்கிறார். கையிருப்பு வைக்க முடியாத வியாபாரத்தில் வாங்குவோரின் மாற்றம் சீக்கிரமே மேலே போகிறது.

ஆனால் அவர் ஒற்றைக் கோழியாகக் கூட்டிக் குறைக்கமாட்டார், கூடைக் கணக்கில் குறைப்பார். கூடைக்குப் பத்துக் கோழி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு கோழி வாங்காமல் விட்டால் பெரும்பாலும் எதுவும் மாறாது. பத்தில் ஒரு வாய்ப்பில் உங்களுடையதுதான் ஒரு கூடையைக் குறைக்க வைக்கும் அந்தக் கடைசிக் கோழியாக அமையும். அப்போது ஒரே அடியாகப் பத்து குறையும். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பைப் பத்தால் பெருக்கினால் சராசரி விளைவு ஒரு கோழி. ஷெல்லி கேகன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 2011இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான். மார்க் புடால்ஃப்சன் என்ற இன்னொரு தத்துவ ஆய்வாளர் இதை மறுத்தார். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் கழிவும் கையிருப்பும் ஊகமும் கலந்திருக்கின்றன, ஒருவருடைய ஒரு கோழி அந்தச் சலசலப்பிலேயே கரைந்துவிடும் என்பது அவர் வாதம். நீண்ட சங்கிலியும் பெரிய கிடங்குகளும் உள்ள இடத்தில் இது வலுவான மறுப்பு. இங்கே சங்கிலி குட்டையானது. அதோடு, கூடைக் கணக்கைத் தவிர இன்னொரு வழியாகவும் செய்தி போகிறது. அது விலை.

பல்லடத்தில் உள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை அன்றாடம் அறிவிக்கிறது. முட்டைக்கு நாமக்கல்லில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது. கடைகளில் விற்பனை மந்தமானால் வியாபாரிகள் பண்ணைகளிலிருந்து பிடிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். 42 நாளில் போக வேண்டிய கோழி 47 நாள் கொட்டகையில் நின்றால் எடை கூடும், ஆனால் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் தின்னும் தீவனம் முன்பைவிட அதிகம். 2.2 கிலோ கோழிக்குச் சாதாரணமாக 3.6 கிலோ அளவுக்குத் தீவனம் போகும். வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு அதுதான். தேங்கிய கோழியைத் தள்ளிவிட விலையைக் குறைப்பார்கள்.

விலை குறைந்தால் யார் உற்பத்தியைக் குறைப்பது? பண்ணை விவசாயி அல்ல. ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கோழி நிறுவனத்தினுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயியினுடையது. அவருக்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. எந்தக் கொட்டகையில் எப்போது எத்தனை குஞ்சு விடுவது என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. லாபம் சுருங்கினால் ஒரு பேட்ச் போனபின் அடுத்த பேட்ச் குஞ்சு விடும் இடைவெளியை நீட்டுவார்கள். பொரிப்பகத்தில் அடுக்க வேண்டிய முட்டையில் ஒரு பகுதியைச் சாப்பாட்டு முட்டையாக விற்றுவிடுவார்கள். நஷ்டம் நீடித்தால் வயதான தாய்க்கோழிகளைக் காலத்துக்கு முன்பே கழிப்பார்கள். ஆக, கோழிகளின் எண்ணிக்கை முடிவாகும் இடம் வெட்டுக்கட்டையோ கடையோ அல்ல, பொரிப்பகம்.

இதில் தாமதம் உண்டு. முட்டை பொரிக்க 21 நாள், குஞ்சு வளர 40 முதல் 45 நாள். ஆக முட்டை அடுக்குவதைக் குறைத்தால் சந்தையில் தெரிய ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகும். தாய்க்கோழி எண்ணிக்கையைக் குறைத்தால் இன்னும் மெதுவாகத் தெரியும். தாய்க்கோழிக் குஞ்சு முட்டையிடத் தொடங்கவே 24, 25 வாரம். அந்த முட்டை பொரித்து வளர்ந்து கறியாக வர மொத்தம் ஏழரை மாதம். ஒரு தாய்க்கோழி தன் காலத்தில் 150 குஞ்சுகள் அளவுக்குத் தருகிறது. எனவே 150 கறிக்கோழிக்கான தேவை நிரந்தரமாகக் குறைந்தால் ஒரு தாய்க்கோழியும் குறையும். இன்று விட்டுவிட்டு அடுத்த வாரம் பலனைத் தேடுவோருக்கு எதுவும் கண்ணில் படாது.

2020 பிப்ரவரி, மார்ச்சில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி, ஒரு எச்சரிக்கையும்கூட. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் விற்பனை படுத்தது. பண்ணை விலை உற்பத்திச் செலவுக்கு மிகக் கீழே போனது. அப்போது உயிரோடு இருந்த கோழிகள் யாருக்கும் தேவையில்லை என்பதால் விடுதலை ஆகவில்லை. அடிமாட்டு விலைக்குப் போயின, சில இடங்களில் குஞ்சுகள் உயிரோடு புதைக்கப்பட்டன. பிறகு குஞ்சு விடுவது குறைந்தது. மே மாதம் வாங்க ஆள் திரும்பியபோது சரக்கு இல்லாமல் விலை எகிறியது. உடனே குஞ்சு விடுவதும் பழைய நிலைக்கு ஏறியது. தேவை விழுந்தால் உற்பத்தி விழுகிறது என்பது நிரூபணமானது. திடீரென்று விழுந்தால் இருக்கும் உயிர்களுக்குக் கேடுதான், திரும்பி வந்தால் எல்லாம் திரும்பி வரும் என்பதும் சேர்ந்தே நிரூபணமானது. விலங்குகளின் கண்ணோட்டத்தில் பார்த்தால் நல்லது மெதுவான, நிலையான, முன்கூட்டியே கணிக்கக்கூடிய குறைவு.

கணிக்கக்கூடிய குறைவு என்றால் புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஏராளமான குடும்பங்கள் கறி எடுப்பதில்லை என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆவணியிலேயே அதற்கேற்பக் குஞ்சு விடுவதைத் திட்டமிடலாம், அதனால் 2020 போன்ற கோரம் இல்லை. ஆனால் புரட்டாசிக்குள் விடும் குஞ்சுதான் தீபாவளிக்குக் கறியாகும். அந்தக் கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. மாத விரதம் அந்த மாதத்துக் கோழியைக் கொஞ்சம் குறைக்கும், தாய்க்கோழிப் பண்ணையின் அளவைத் தொடாது.

இனி, ஏன் முழுக் கிலோ குறையாமல் முக்கால் கிலோ? நீங்கள் விட்டதால் விலை இம்மியளவு இறங்குகிறது. இறங்கிய விலையில் இன்னொருவர் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார். எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. விலை ஒரு சதவீதம் மாறினால் உற்பத்தி எத்தனை சதவீதம் மாறும் என்பது ஓர் எண். வாங்குவது எத்தனை சதவீதம் மாறும் என்பது இன்னோர் எண். முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உற்பத்தி 2, தேவை 0.7 என்று வைத்தால் 2ஐ 2.7ஆல் வகுக்க 0.74 வரும். ஜேசன் லஸ்க், பெய்லி நார்வுட் என்ற இரு வேளாண் பொருளியல் பேராசிரியர்கள் அமெரிக்கச் சந்தைக்கு இப்படிக் கணக்கிட்டு 2011இல் வெளியிட்டார்கள். ஒரு அலகை ஒருவர் விட்டால் உற்பத்தியில் குறைவது கோழிக்கறியில் 0.76, முட்டையில் 0.91, பன்றிக்கறியில் 0.74, மாட்டுக்கறியில் 0.68, பாலில் 0.56.

இந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. கோழி விலை குறைந்தால் கூடுதலாக வாங்கத் துடிக்கும் வீடுகள் நம்மூரில் அதிகம். அதனால் நீங்கள் விட்டதில் அடுத்தவர் எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடுதலாக இருக்கலாம். மறுபக்கம், கொட்டகையும் தீவனமும் குஞ்சும் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கக்கூடிய தொழில் இது. நீண்ட காலத்தில் உற்பத்தி தேவையை ஒட்டியே நகரும், சூத்திரத்தின் விடை 1ஐ நெருங்கும். முதல் சில மாதங்களில் பாதி, ஆண்டுக்கணக்கில் முக்கால் என்று வைத்துக்கொள்வது என் மதிப்பீடு. பூஜ்யம் என்று சொல்வதற்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. “நான் விட்டால் அடுத்தவன் தின்பான்” என்பது முழுக்க உண்மையாக வேண்டுமென்றால், விலை என்ன ஆனாலும் குஞ்சு விடும் எண்ணிக்கை மாறாமலே இருக்க வேண்டும். எந்த நிறுவனமும் அப்படி நடத்துவதில்லை.

தலைக்கணக்குக்கு வருவோம். நால்வர் குடும்பம், ஞாயிறுதோறும் ஒரு கிலோ தோல் நீக்கிய கறி. ஆண்டுக்கு 52 கிலோ. தோல், இறகு, குடல், தலை, கால் போக உயிர் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கறி நிற்கும். எனவே 52 கிலோ கறிக்கு 78 கிலோ உயிர் எடை. கோழிக்கு 2.2 கிலோ என்றால் 36 கோழி. கொட்டகையிலேயே சாகும் நாலைந்து சதவீதத்தைச் சேர்த்தால் 37, 38. தலைக்கு ஒன்பது. இதை 0.7ஆல் பெருக்கினால் ஒருவர் கோழியை விடுவதால் ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு கோழி குறையும், முப்பது ஆண்டில் இருநூறை ஒட்டி வரும். ஒரு வீகன் ஆண்டுக்கே 200 உயிரைக் காப்பாற்றுகிறார் என்று பிரசாரத்தில் சுற்றும் எண் அமெரிக்கச் சாப்பாட்டு அளவை வைத்து, மீனையும் இறாலையும் சேர்த்துப் போட்டது. இங்கே அதை எடுத்துப் பேசினால் கேட்பவர் மனக்கணக்குப் போட்டே சிரித்துவிடுவார்.

முட்டை வாரம் நான்கு என்றால் ஆண்டுக்கு 208. ஒரு முட்டைக்கோழி கழிக்கப்படுவதற்குள் 350 முட்டை அளவுக்கு இடும். ஆக 0.6 கோழி. அதோடு ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் ஒரு சேவல் குஞ்சு பொரிப்பகத்திலேயே கழிக்கப்படுகிறது. தெருவில் சாயம் பூசிக் கூவி விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை இவைதான். மொத்தம் 1.2 உயிர். நாமக்கல் முட்டையில் ஒரு பகுதி சத்துணவுத் திட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. அரசு கொள்முதல் டெண்டர்படி நடப்பது, நீங்கள் விட்டாலும் அது நகராது. முட்டை விலை விழுந்தால் முதலில் நடப்பது வயதான கோழிகளை முன்கூட்டியே கறிக்கு அனுப்புவது. கோழி எண்ணிக்கை குறைவது அதற்குப் பின்னால்.

ஆட்டுக்கறி தலைக்கு மாதம் கால் கிலோ என்றால் ஆண்டுக்கு மூன்று கிலோ. ஒரு ஆட்டில் 12 கிலோ கறி நின்றால் கால் ஆடு. இங்கேதான் நல்லெண்ணத்தோடு பலர் சறுக்குகிறார்கள். டாக்டர் சொன்னார், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆட்டுக்கறியை விட்டுக் கோழிக்கு மாறினால் வெட்டப்படும் தலைகள் கூடும். 12 கிலோ கறி ஒரு ஆடு, அல்லது எட்டுக் கோழி. கொல்லப்படும் உயிர்களின் எண்ணிக்கைதான் உங்கள் கவலை என்றால், முழுக்க விட முடியாதவர் முதலில் விட வேண்டியது கோழியை, கடைசியாக விட வேண்டியது ஆட்டை. வளர்ப்பு முறையைப் பார்த்தாலும் மேய்ச்சல் ஆட்டின் வாழ்க்கையும் ஆறு வாரக் கொட்டகைக் கோழியின் வாழ்க்கையும் ஒன்றல்ல.

பால்தான் வாதம் சூடாகும் இடம். தினம் அரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 182 லிட்டர். கலப்பினப் பசு தன் நான்கைந்து ஈற்றில் 10,000 லிட்டர் கறக்கிறது என்று கொண்டால், உங்கள் பங்கு ஒரு பசுவில் 0.02 அளவு, கன்றுகளையும் சேர்த்தால் 0.1 அளவு. பத்து ஆண்டு பால் குடித்தால் ஏறக்குறைய ஒரு மாட்டுயிர். தலைக்கணக்கில் பால் மிகச் சிறியது. ஆனால் பாலைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லை, கறவை வற்றிய பசுவுக்குத் தீனி போட ஆளில்லை. இரண்டும் சந்தைக்குப் போகின்றன, பல கேரளா வரைக்கும். நாட்டில் எத்தனை மாடு பிறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது மாட்டுக்கறி உண்பவர் அல்ல, பால் குடிப்பவர். இந்தியா 2023-24இல் 12 லட்சம் டன்னுக்கு மேல் எருமைக்கறி ஏற்றுமதி செய்தது. அந்த எருமைகளை ஈன வைத்தது பால் தொழில். பாலும் மோரும் குடித்துக்கொண்டே மாட்டுக்கறி தின்பவரைக் குறை சொல்வது கணக்கில் நிற்காது. வயதான மாட்டை விற்ற காசும் பண்ணையாளர் வரவில் சேர்வதால் கறிக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு.

பாலை ஒருவர் விட்டால் செய்தி மாட்டுக்காரரிடம் போவதும் மெதுவாகத்தான். ஆவின் கொள்முதல் விலையை அரசு அறிவிக்கிறது, அது கறிக்கோழி விலை போல் அன்றாடம் ஏறி இறங்குவதில்லை. பால் மிஞ்சினால் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றிச் சேமிப்பார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் மாட்டை விற்பதும் வைப்பதும் பால் விலையை மட்டும் பார்த்து நடப்பதில்லை. தீவன விலை, ஆள் பற்றாக்குறை, மகள் கல்யாணம் எல்லாம் உண்டு. அமெரிக்காவுக்கே 0.56 என்றால் இங்கே இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

மீனில் எண்ணிக்கை வேறு மாதிரி. ஒரு கிலோ நெத்திலியில் நூற்றுக்கணக்கான உயிர்கள், ஒரு கிலோ இறாலில் முப்பது நாற்பது. ஆனால் கடல் மீன் பிடிபடும் அளவை நிர்ணயிப்பது உங்கள் வீட்டுக் குழம்பைவிட டீசல் விலையும் கடலில் மீன் இருப்பும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமும்தான். கரைக்கு வந்த நெத்திலி விற்காவிட்டால் கருவாடாகும், அல்லது அரைபட்டுக் கோழித்தீவனம் ஆகும். எனவே நீங்கள் விடும் கிலோவில் குறைவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கிலேயே பத்துப் பதினைந்து உயிர் இருக்கலாம். ஆந்திரக் குளங்களிலிருந்து வரும் கட்லா, ரோகு போன்ற வளர்ப்பு மீன் கோழியைப் போன்றது, தேவை குறைந்தால் குஞ்சு விடுவது குறையும்.

ஆக, ஒரு சராசரிக் கறி சாப்பாட்டுக்காரரின் கணக்கில் மீனை ஒதுக்கிவைத்தால் பத்தரை உயிரில் ஒன்பது கறிக்கோழி. கோழியை மட்டும் முழுசாக விட்டுவிட்டுக் காப்பியில் பால் ஊற்றிக்கொள்பவர், தலைக்கணக்கில் ஒரு வீகனின் பத்தில் எட்டு ஒன்பது பங்கு வேலையைச் செய்துவிட்டார். வீகன் கொள்கையில் உறுதியானவர்களுக்கு இது கசக்கும். பிறப்பால் சைவமாகி நெய்யும் பனீருமாகச் சாப்பிடுபவர்களுக்கு இது இனிக்க வேண்டியதில்லை. அவர்கள் எதையும் குறைக்கவில்லை, ஏற்கெனவே குறைவாக இருக்கிறார்கள். 2014இல் எடுத்த அரசு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம். குறைவதற்கு இடம் அங்கேதான்.

நடைமுறையில் பலருடைய தியாகம் கடை வரைக்கும்கூடப் போவதில்லை. காரணம் வீட்டுச் சட்டி. நால்வர் வீட்டில் ஒருவர் கறியை விடுகிறார், வீட்டில் அதே ஒரு கிலோதான் எடுக்கிறார்கள், மற்ற மூவர் தட்டில் ஆளுக்கு இரண்டு துண்டு கூடுகிறது. கோழிக்குக் குறைவு பூஜ்யம். கறி வாங்கப் போகிறவரிடம் “இனி முக்கால் கிலோ போதும்” என்று சொல்வதுதான் முதல் வேலை. சொல்லாமல் தட்டை மட்டும் ஒதுக்குவது விரதம், அவ்வளவுதான். அதேபோல் பிரியாணிக் கடையில் குஸ்கா வாங்குவது. அது கறியோடு அதே தேக்சாவில் வெந்த சோறு. குஸ்கா விற்பனை அந்த தேக்சாவின் லாபத்தில் சேர்கிறது. கோழிக்குப் பதிலாகப் பனீருக்குப் போவது தலைக்கணக்கில் நல்ல மாற்றம். கோழிக்குப் பதிலாக இறால் தொக்குக்குப் போவது நேர் எதிர். எப்படியும் குப்பைக்குப் போகவிருந்த மிச்சத்தைத் தின்றால் எந்தக் கோழியும் கூடுதலாகச் சாகாது. கூச்சம் வேறு, கணக்கு வேறு.

“பயிர் விளைக்கவும் எலியும் பூச்சியும் சாகவில்லையா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். சாகின்றன. ஒரு கிலோ கோழிக்கறிக்கு இரண்டரை கிலோ மக்காச்சோளமும் சோயாவும் தீவனமாகப் போகிறது. அதையும் வயலில்தான் விளைக்கிறார்கள். கறியை விட்டுப் பருப்புக்கு மாறினால் வயல் சாவும் குறையும்.

அடுத்து, பலன் முழுவதும் எத்தனை ஆண்டு நீடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 2014இல் ஃபானலிடிக்ஸ் அமைப்பு 11,000 பேருக்கு மேல் கேட்டு எடுத்த கணக்கில், சைவத்துக்கோ வீகனுக்கோ மாறியவர்களில் 84 சதவீதம் பேர் திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்றே மாதத்தில். ஆறு மாதம் கடும் வீகனாக இருந்து பழைய நிலைக்குத் திரும்புகிறவர் குறைப்பது மூன்று கோழி. கோழியை மட்டும் விட்டு இருபது ஆண்டு இருப்பவர் குறைப்பது நூற்றுமுப்பது.

திரும்புவதற்கு உடம்பு சொல்லும் காரணங்களில் முதலாவது பி12 வைட்டமின். செடி உணவில் இது நம்பும் அளவுக்கு இல்லை. வடித்த கஞ்சி, பழைய சோறு, சுருள்பாசி எதையும் நம்பக் கூடாது. பாலும் முட்டையும் விட்டால் தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் 2,000 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுக்க வேண்டும். உடலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு சில ஆண்டு கழித்துத்தான் காட்டும், அப்போது கால் மரத்துப்போன பிறகு பிடிப்பது தாமதம். ஏற்கெனவே சைவமாக இருந்து வீகன் ஆகிறவருக்கு அந்தச் சேமிப்பும் குறைவு. தொடங்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். இரண்டாவது புரதம். கறியை எடுத்துவிட்டு அதே சோறு, அதே தண்ணிச் சாம்பார் என்றால் பசி அடங்காது, பதினோரு மணிக்கே பஜ்ஜி தேடும். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். துவரம்பருப்பு 100 கிராமில் 22, நிலக்கடலையில் 25, மீல் மேக்கரில் 50க்கு மேல். மதியம் 50 கிராம் பருப்பு, மாலை ஒரு பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல், வாரம் மூன்று நாள் 40 கிராம் மீல் மேக்கர், மீதி அரிசியும் கோதுமையும் தரும். மீல் மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து மசாலாவில் போட வேண்டும். பிழியாமல் போட்டு அந்த வாடைக்கே வெறுத்துப்போனவர்கள் ஏராளம். பாலை விட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை.

இன்னொரு உண்மையையும் மறைக்க வேண்டாம். 2014-15இல் இந்தியா உற்பத்தி செய்த முட்டை 7,848 கோடி. 2023-24இல் 14,277 கோடி. கறிக்கோழியும் ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் விட்ட பிறகும் அடுத்த ஆண்டு இந்த ஆண்டைவிட அதிகக் கோழி வெட்டப்படும். நீங்கள் குறைப்பது அந்த ஏற்றத்தில் ஆறேழு கோழியை. இது போதாது என்று தோன்றினால் தட்டை விட்டுக் கொள்முதல் செய்யும் இடத்துக்குப் போக வேண்டும்.

500 பேர் விருந்தில் கோழி பிரியாணி என்றால் ஐம்பது கிலோ அரிசிக்கு ஐம்பது கிலோ கறி, அதாவது 35 கோழி. ஒரு குடும்பத்தின் ஓராண்டு ஞாயிறுகள் அத்தனையும் ஒரே மதியத்தில். உங்கள் சொந்த வீட்டு விசேஷத்தின் மெனுவை மாற்றுவது உங்கள் தட்டை மட்டும் நான்கு ஆண்டு மாற்றுவதற்குச் சமம். அதோடு, இப்படிப்பட்ட மொத்த ஆர்டர் சில நாள் முன்பே மொத்த வியாபாரிக்குப் போய்விடுவதால் செய்தி தேயாமல் போய்ச் சேர்கிறது. கல்லூரி விடுதி, கம்பெனி கேன்டீன் இவற்றில் இன்னும் எளிது. அங்கே வாரக் கொள்முதலை ஒருவர் பட்டியல் போட்டுத்தான் எடுக்கிறார். 300 பேர் விடுதியில் புதன், ஞாயிறு இரண்டு நாள் கோழி, தலைக்கு 150 கிராம் என்றால் வாரம் 90 கிலோ. “கறியை நிறுத்துங்கள்” என்று கேட்டால் கதவு சாத்தப்படும். புதன்கிழமை எத்தனை பேர் சைவம் வாங்கிக்கொள்வார்கள் என்று முந்தின நாளே பெயர் எழுதி வாங்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். செலவு குறையும் என்பதால் மெஸ் நடத்துபவரே ஆதரவாக இருப்பார். சைவப் பக்கம் வெறும் உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் இரண்டாம் வாரமே பட்டியல் காலியாகும். காளான் கிரேவியோ நன்றாகப் பிழிந்து செய்த மீல் மேக்கர் சுக்காவோ கட்டாயம் இருக்க வேண்டும். நாற்பது பேர் தொடர்ந்து பெயர் எழுதினால் வாரம் ஆறு கிலோ கறி, அதாவது நான்கு கோழி, கொள்முதல் பட்டியலிலிருந்தே அடிபடும்.